எதில் 99 சதவீதம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவல்துறைக்குப் புதுக் கருவி வருகிறது என்ற செய்தியோடு பெரும்பாலும் ஓர் எண்ணும் சேர்ந்து வந்துவிடுகிறது: ‘99 சதவீதம் துல்லியம்’. எதில் 99 என்று கேட்பவர் குறைவு. முகமறியும் கேமரா, கைப்பேசித் தடயம், மரபணு, அறிக்கை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு எல்லாம் வழக்குக் கட்டுக்குள் வரத்தான் போகின்றன. வரவேண்டாம் என்று சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. கருவி தருவது துப்பு. அந்தத் துப்பு சான்றாக மாறுவதற்குள் சில கைவேலைகள் இருக்கின்றன. வழக்கு உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் அந்த 99. கூட்டம் மிகுந்த ஒரு நுழைவாயிலை ஒரு நாளில் 1,00,000 பேர் கடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் தேடப்படுபவர்கள் 10 பேர். கேமரா 9 பேரைக் கண்டுபிடித்துவிடுகிறது; நல்ல கருவிதான். சம்பந்தமில்லாதவர்களில் ஆயிரத்துக்கு ஒருவரைத்தான் தப்பாகக் காட்டுகிறது, அதாவது 99.9 சதவீதம் சரி. மாலையில் கணக்கெடுத்தால் மணி 109 முறை அடித்திருக்கும். 9 நிஜம், 100 வெற்று. நிறுத்தி விசாரிக்கப்பட்ட பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போனவர்கள். விற்றவர் பொய் சொல்லவில்லை; தேடப்படுபவர் கூட்டத்தில் அரிது என்பதால் கணக்கு இப்படித்தான் விழும். 2017இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப் போட்டி நடந்தபோது சவுத் வேல்ஸ் காவல்துறையின் கேமராக்கள் 2,470 முறை ஆள் பொருந்துவதாகச் சொல்லின. 2,297 தவறு. அதே காவல்துறைமீது தொடரப்பட்ட வழக்கில் 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பயன்பாடு சட்டத்துக்குப் புறம்பானது என்றது. யாரைப் பட்டியலில் சேர்ப்பது, கேமராவை எங்கே வைப்பது என்பதெல்லாம் அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது ஒரு காரணம். இனம், பாலினம் பார்த்துக் கருவி தவறுகிறதா என்று காவல்துறை தானே சரிபார்க்கவில்லை என்பது இன்னொன்று. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 189 நிரல்களைச் சோதித்து 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், பல நிரல்கள் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு அதிகமாகத் தவறாகப் பொருத்தியது பதிவாகியிருக்கிறது. ஒரு நாட்டு முகங்களை வைத்துப் பெற்ற மதிப்பெண் இன்னொரு நாட்டில் செல்லாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வாசலில் வைக்கும் கேமராவுக்காவது ஒரு வரம்பு உண்டு: இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால்தான் மணியடிக்கும். விசாரணையில் பயன்படுவது வேறு வகை. அடையாளம் தெரியாத ஒருவரின் படத்தைப் போட்டால், தரவுத்தளத்தில் அதற்கு நெருக்கமான 10, 20 அல்லது 50 பேரை வரிசைப்படுத்தித் தரும். தேடப்படும் ஆள் அந்தத் தரவுத்தளத்திலேயே இல்லாவிட்டாலும் பல சமயம் ஒரு பட்டியல் வரும். அதில் முதலிடம் என்று ஒருவருக்குக் கிடைக்கும். தரவுத்தளம் பெரிதாகப் பெரிதாக, நிரபராதியானாலும் அச்சு அசலாக ஒத்திருக்கும் ஒருவர் சிக்கும் வாய்ப்பும் பெருகுகிறது.

இந்தப் பாடம் முகமறிதலுக்கு முன்பே கைரேகையில் படித்தாகிவிட்டது. 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தது. டெட்டனேட்டர்கள் இருந்த பையில் கிடைத்த ரேகையை அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ தன் கணினியில் தேடியபோது 20 பேர் வந்தார்கள். நான்காவது ஆள் அமெரிக்காவின் ஒரிகான் மாநில வழக்கறிஞர். எஃப்பிஐ நிபுணர்கள் மூவர் அவருடையதே என்றார்கள். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் ஒப்புக்கொண்டார். மே 6ஆம் தேதி அவரைப் பிடித்து வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஸ்பெயின் காவல்துறை அது ஓர் அல்ஜீரியரின் ரேகை என்று கண்டுபிடித்த பிறகுதான் விட்டார்கள். பின்னால் நடந்த விசாரணையில் தெரிந்தது, நிபுணர்கள் வழக்கறிஞரின் தெளிவான ரேகையைப் பார்த்துவிட்டு, மங்கலான ரேகையில் அதே குறிகளைத் தேடிக் ‘கண்டிருக்கிறார்கள்’ என்பது. இதற்கு மருந்து எளிது, ஆனால் பொறுமை வேண்டும்: தெரியாத ரேகையின் குறிகளை முதலில் தனியே குறித்து, தேதியிட்டுப் பூட்டிவிட வேண்டும்; அதற்குப் பிறகே கணினி தந்த ரேகையைத் திறக்க வேண்டும்; திறந்த பின் சேர்க்கும் ஒவ்வொரு குறியும் வேறு நிறத்தில் இருக்க வேண்டும். முகத்துக்கும் இதே முறைதான்.

முகத்தில் கூடுதலாக ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கைக்கடிகாரத் திருட்டு ஒன்றின் மங்கலான சிசிடிவி படத்தைக் கருவி ஒருவரின் காலாவதியான ஓட்டுநர் உரிமப் படத்தோடு பொருத்தியது. அந்தப் படத்தை மற்றவர்கள் படங்களோடு கலந்து ஒரு பாதுகாப்பு ஊழியரிடம் காட்டினார்கள். அவர் திருட்டை நேரில் பார்த்தவரும் அல்ல, அதே காட்சிப் பதிவைப் பார்த்தவர். அவர் அந்தப் படத்தைச் சுட்டிக்காட்டினார். 2020 ஜனவரியில் கைதானவர் ஏறத்தாழ 30 மணி நேரம் அடைபட்டிருந்தார்; திருடியவர் அவரில்லை. கணினி தரவுத்தளம் முழுக்கச் சலித்து மிக ஒத்த முகத்தை எடுத்துக் கொடுக்கிறது. அந்த முகத்தைச் சாட்சியிடம் காட்டினால் ‘ஆம், இவர்தான்’ என்று சொல்லாமல் என்ன செய்வார்? வழக்குக் கட்டில் அவை இரண்டு சான்றுகளாகத் தெரியும். உண்மையில் ஒரே சான்றின் இரண்டு நகல்கள். 2024 ஜூனில் வழக்கு சமரசமானபோது, முகப் பொருத்தத்தை மட்டும் வைத்துக் கைது கூடாது, அதை மட்டும் வைத்து அடையாள அணிவகுப்பும் நடத்தக் கூடாது என்று டெட்ராய்ட் காவல்துறை எழுதிக்கொடுத்தது. முதல் விதியை யாரும் சொல்வார்கள். இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது.

இனி, கருவிக்குத் தரப்படும் படம். கண்காணிப்புக் கேமராக்களுக்காக 2014இல் வந்த ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின்படி, அறிமுகமில்லாத ஒருவரை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும். தெரிந்தவரா என்று சொல்ல 125. ஆள் நடமாட்டம் உண்டா என்று மட்டும் அறிய 25 போதும். 1,920 பிக்சல் அகலமுள்ள கேமரா 12 மீட்டர் அகலத்தைக் காட்டினால் மீட்டருக்கு 160 பிக்சல்தான். 16 செ.மீ. அகலமுள்ள முகம் அதில் ஏறத்தாழ 25 பிக்சலில் அடங்கிவிடும். அடையாளம் காணும் தரம் வேண்டுமென்றால் அந்தக் கேமரா 7.7 மீட்டருக்கு மேல் அகலம் காட்டக் கூடாது. ஒரே கேமரா தெரு முழுவதையும் காட்டவும் வேண்டும், முகத்தையும் காட்டவும் வேண்டும் என்று உயரத்தில் மாட்டுவதால்தான் பிறகு ‘படம் தெளிவாக இல்லை’ என்று ஆய்வக அறிக்கை வருகிறது.

அப்போது கைகொடுப்பதுபோல் வருவது செயற்கை நுண்ணறிவுத் தெளிவாக்கம். 25 பிக்சலை 250 ஆக்கும். கூடுதல் 225 எங்கிருந்து வந்தது? பயிற்சியில் பார்த்த லட்சக்கணக்கான வேறு முகங்களிலிருந்து. அது மீட்பு அல்ல, சித்திரம். வாஷிங்டன் மாநில நீதிமன்றம் ஒன்று 2024 மார்ச்சில் கொலை வழக்கில் இப்படித் தெளிவாக்கிய வீடியோவைச் சான்றாக ஏற்க மறுத்தது சரியான தீர்ப்பு. வெளிச்சத்தைக் கூட்டுவதும் குறைப்பதும், படத்தைப் பெரிதாக்குவதும் வேறு. அவற்றின் ஒவ்வொரு படியையும் எழுதி வைத்தால் எதிர்த்தரப்பு நிபுணர் திரும்பச் செய்து அதே படத்தைப் பெற முடியும். அப்படித் திரும்பச் செய்ய முடியாத எதையும் கட்டில் வைக்காதிருப்பது நல்லது. தேடல் மென்பொருளிலும் ஒரு எச்சரிக்கை: ‘கறுப்புச் சட்டை’ என்று தேடினால் பகல் காட்சியில் கிடைக்கும். இரவில் அகச்சிவப்பு ஒளியில் கேமரா கறுப்பு வெள்ளைக்கு மாறிவிடும். சாயம் போட்ட செயற்கை இழைக் கறுப்புத் துணி அதில் வெளிறித் தெரிவது சாதாரணம். மென்பொருள் ‘யாரும் இல்லை’ என்றால், யாரும் வரவில்லை என்று பொருளாகாது.

காட்சிப் பதிவை எடுக்கும் முறையில்தான் மிக அதிகமான வழக்குகள் கோட்டை விடப்படுகின்றன. கேமரா காட்சியைச் சேமிக்கும் பெட்டியான டிவிஆர் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். டிஸ்க்கின் அளவையும் கேமராக்களின் எண்ணிக்கையையும் பொறுத்து ஒரு வாரத்திலேயே அழிந்துவிடலாம். ஆகவே முதல் நாளே பதிவை நிறுத்துவதோ டிஸ்க்கை மாற்றுவதோ நடக்க வேண்டும். அடுத்தது கடிகாரம். டிவிஆர் கடிகாரங்கள் சரியாக ஓடுவது அபூர்வம். திரையில் தெரியும் நேரத்தையும் சரியான நேரம் காட்டும் கைப்பேசியையும் ஒரே சட்டகத்தில் படமெடுத்து, ‘டிவிஆர் 7 நிமிடம் 40 விநாடி முந்தி ஓடுகிறது’ என்று மகஜரில் எழுத வேண்டும். கடிகாரத்தைத் திருத்திவிடக் கூடாது. திருத்தினால் அந்த வித்தியாசமே அழிந்துபோகும். இது இல்லாவிட்டால், செல்போன் பதிவு ஒரு நேரம் சொல்ல, கேமரா வேறு நேரம் சொல்ல, குறுக்கு விசாரணையில் இரண்டும் சேர்ந்து விழும். பிறகு பதிவை அதன் அசல் வடிவத்திலேயே, அதற்குரிய பிளேயரோடு எடுக்க வேண்டும். திரையைக் கைப்பேசியால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சட்டகங்கள் உதிர்ந்து, நேரக் குறிப்பு போய், இருமுறை நசுங்கிய ஒன்றுதான் மிஞ்சும்.

எடுத்த கையோடு ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் அடையாள எண், போட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழில் இரண்டு பகுதிகள் உண்டு: ஒன்று கருவிக்குப் பொறுப்பானவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. இரண்டிலும் ஹாஷ் மதிப்பும், எந்த முறையில் கணக்கிட்டது என்பதும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது அரக்கு முத்திரை மாதிரி. முத்திரை வைத்த பிறகு பொட்டலத்தைப் பிரிக்கவில்லை என்று சொல்லும். உள்ளே வைத்தது எது என்று சொல்லாது. போலி வீடியோவுக்கும் அழகான ஹாஷ் கிடைக்கும். ஆகவே முத்திரை எப்போது வைக்கப்பட்டது என்பதே கேள்வி. ஜனவரியில் எடுத்த பென் டிரைவுக்குக் குற்றப்பத்திரிகை தயாராகும் ஜூனில் ஹாஷ் போட்டால், ஜூனுக்குப் பிறகு மாறவில்லை என்று மட்டுமே நிரூபணமாகும். இடைப்பட்ட ஐந்து மாதம் எதிர்த்தரப்புக்கு இனாம். எம்டி5 என்ற ஹாஷ் முறையில் இரு வேறு கோப்புகளுக்கு ஒரே ஹாஷ் வரவைக்கலாம் என்பது 2004இலும், ஷா-1இல் 2017இலும் செய்துகாட்டப்பட்டுவிட்டது. ஷா-256 போடுவதுதான் சரி. அதன் 64 எழுத்துகளைக் கையால் பெயர்த்து எழுதும்போது ஆங்கில b எழுத்து 6 ஆகிவிடும். அச்சிட்டு ஒட்டுங்கள். புதுவகைக் கணினிகளில் உள்ள எஸ்எஸ்டி டிஸ்க்குகள் மின்சாரம் கொடுத்தவுடன் அழிந்த பகுதிகளைத் தாமே துப்புரவு செய்யத் தொடங்கும். மறுமுறை முழு டிஸ்க்குக்கும் ஹாஷ் போட்டால் மாறிவிடலாம். யாரும் கைவைக்காமலே மாறும் என்பதை அறியாமல் ‘சான்று திருத்தப்பட்டது’ என்று வாதிடுவோரும் உண்டு, அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் நிற்போரும் உண்டு. முதல் முறை எடுத்த பிம்ப நகலுக்கு (டிஸ்க் முழுவதையும் அப்படியே எடுத்த நகல்) ஹாஷ் போட்டு, அந்த நகலையே சான்றாகக் கொள்வதுதான் வழி.

கைப்பேசியில் அவசரம் இன்னும் கூடுதல். உயிரோடு இருக்கும் போனை அணைக்கக் கூடாது. ஒருமுறை பூட்டுத் திறந்து பயன்பாட்டில் இருக்கும் போனின் தகவல் பெரும்பாலும் எடுக்கக்கூடிய நிலையில் இருக்கும். அணைத்து மீண்டும் போட்டால் கடவுச்சொல் தரும் வரை அது இறுகப் பூட்டிய பெட்டி. தொலைவிலிருந்து அழித்துவிடாதபடி அலைத்தடுப்புப் பையில் போடுவார்கள். பையில் சிக்னல் கிடைக்காததால் போன் இன்னும் பலமாகத் தேடும், சில மணி நேரத்திலேயே பேட்டரி தீரும், தானே அணையும். பைக்குள்ளேயே பவர் பேங்க் ஒன்றை இணைக்க வேண்டும் என்பது சின்ன விஷயம். விட்டால் போனது போனதுதான். 2024இல் வந்த ஐஓஎஸ் 18.1 முதல் ஐபோன்கள் 72 மணி நேரம் யாரும் திறக்காவிட்டால் தாமே மறுதொடக்கம் செய்துகொள்கின்றன. ஆய்வக வரிசையில் மூன்று மாதம் காத்திருக்கும் போனுக்கு இது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் மாவட்ட அளவிலேயே நகலெடுக்கும் வசதி இல்லாமல், மேலே எவ்வளவு பெரிய கருவி வாங்கியும் பயனில்லை.

போன் எந்த டவரில் இருந்தது என்ற பதிவு, போன் எங்கே இருந்தது என்பதாகாது. எந்த டவரின் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லும். நெரிசல் இருந்தால் அருகிலுள்ள டவரை விட்டுத் தொலைவிலுள்ளதைப் பிடிக்கும். அந்தப் பதிவைக் காவல்துறை மென்பொருள் வேறு வடிவத்துக்கு மாற்றும்போதும் பிழை வரும். டென்மார்க்கில் 2019இல் அதுதான் நடந்தது: மாற்றும்போது சில பதிவுகள் விடுபட்டன, சில போன்கள் தவறான டவரோடு சேர்ந்துகொண்டன. 2012 முதலான 10,700 வழக்குகளைத் திரும்பப் பார்க்க உத்தரவிட்டு, அத்தகைய சான்றை இரண்டு மாதம் நிறுத்திவைத்தார்கள். விசாரணைக் கைதிகள் பலர் வெளியே வந்தார்கள். நிறுவனம் தந்த மூலப் பதிவையும் எதிர்த்தரப்புக்குத் தர வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம். மென்பொருள் வரைந்த வண்ண வரைபடம் மட்டும் போதாது.

மரபணுவைப் பற்றி ஒன்றே ஒன்று. 1993இல் நடந்த கொலை தொடங்கி ஆஸ்திரியா, பிரான்ஸ், ஜெர்மனியில் சுமார் 40 இடங்களில் ஒரே பெண்ணின் மரபணு கிடைத்தது. அவரை ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். 2009இல் தெரிந்தது, அது மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சியைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்தவருடையது. கிருமி நீக்கம் செய்த குச்சி மரபணு நீங்கிய குச்சி அல்ல. இதற்கென ஐஎஸ்ஓ 18385 என்ற தரம் 2016இல் வந்தது. குச்சி வாங்கும் ஒப்பந்தத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தமிழில் எழுதுவதற்குக் காரணமான விஷயத்துக்கு இப்போது வருகிறேன். உடையில் மாட்டிய கேமராவின் ஒலியைக் கேட்டுத் தானே அறிக்கை எழுதும் மென்பொருள்கள் 2024 முதல் அமெரிக்கக் காவல் நிலையங்களில் புழக்கத்துக்கு வந்துவிட்டன. நேரம் மிச்சம் என்பது உண்மையான ஆசை. நிலைய எழுத்தர் படும் பாடு தெரிந்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் வாக்குமூலத் தமிழின் பாதி பொருள் சொல்லின் வாலில் இருக்கிறது. ‘வந்தான்’ என்றால் பார்த்தவர் சொல்வது. ‘வந்தானாம்’ என்றால் யாரோ சொல்லக் கேட்டது. சட்டத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். சுருக்கி எழுதும் மென்பொருளுக்கு அந்த ‘ஆம்’ ஒரு இழுவை ஓசை. விசாரிப்பவர் ‘அடிச்சான்ல?’ என்று கேட்கிறார், எதிரில் இருப்பவர் ‘ம்’ என்கிறார். அந்த ‘ம்’ ஒப்புதலா, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதா? பேச்சை நேரில் கேட்டவருக்கே சந்தேகம் வரும். மென்பொருளோ ‘அவர் அடித்ததாகச் சாட்சி தெரிவித்தார்’ என்று செம்மையான ஒரு வாக்கியம் எழுதிவிடும். கேள்வியே மறைந்து, விசாரிப்பவரின் சொல் சாட்சியின் வாயில் ஏறிவிடுகிறது. மௌனமான இடத்தில் யாரும் சொல்லாத வாக்கியத்தை இட்டு நிரப்பும் பழக்கமும் இத்தகைய பேச்சறி மென்பொருள்களுக்கு உண்டு. ஆகவே ஒலிப்பதிவு, மென்பொருள் எழுதிய முதல் வரைவு, அதிகாரி திருத்திய வடிவம் ஆகிய மூன்றும் சேர்த்துப் பாதுகாக்கப்பட வேண்டும். கேள்வி பதில் உள்ளபடியே பதிவாக வேண்டும். முதல் வரைவை அழித்துவிட்டால், ‘இது நான் எழுதியதல்ல, கணினி எழுதியது’ என்று கூண்டில் நிற்கும் அதிகாரி சொல்லும்போது சரிபார்க்க ஒன்றும் இருக்காது.

எங்கே குற்றம் நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் மென்பொருள்களைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. ரோந்து அதிகம் போன இடத்தில் வழக்கு அதிகம் பதிவாகும், வழக்கு அதிகமுள்ள இடத்துக்கு மென்பொருள் மீண்டும் ரோந்தை அனுப்பும். லாஸ் ஏஞ்சலஸ் 2020இல் அதைக் கைவிட்டது. ஒருவரின் குணச்சித்திரத்தை மட்டும் வைத்து அவர் குற்றம் செய்வார் என்று கணிப்பதை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது.

நீதிமன்றத்தின் பக்கத்திலும் ஒரு பழக்கம் மாற வேண்டும். ‘கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும்’ என்ற அனுமானம் இங்கிலாந்தில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத் தபால் நிலையக் கணக்கு மென்பொருளான ஹொரைசன் காட்டியது. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட தபால் நிலையப் பொறுப்பாளர்கள் அந்த மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை வைத்துத் திருடர்களாகத் தண்டிக்கப்பட்டார்கள். பிழைப் பதிவேடுகள் அவர்கள் கைக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் 2024இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்ய நேர்ந்தது.

கருவியின் முடிவு ஒன்று குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றால், அதனுடன் ஒரு தாள் இணைக்கப்பட வேண்டும். மென்பொருளின் பெயரும் பதிப்பும், உள்ளே போட்ட அசல் படம் அல்லது பதிவு, வைத்த வரம்பு, வந்த முழுப் பட்டியல், அதில் இவர் எத்தனையாவது, பார்த்து முடிவு சொன்ன மனிதர் யார், அவருக்கு அதற்கு முன் வழக்கைப் பற்றி என்னென்ன தெரியும் என்பவை அந்தத் தாளில் இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் ரகசியமல்ல, எல்லாம் கருவியிலேயே பதிவாவதுதான். ‘வணிக ரகசியம்’ என்று தர மறுக்கும் நிறுவனத்திடம் வாங்காதிருக்க ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும். டிவிஆர் கடிகாரத்தின் வித்தியாசத்துக்கு மகஜர் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க அதுகூட வேண்டாம். அடுத்த முறை படிவம் அச்சடிக்கும்போது சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்